ஐஸ் மேக்கரை மாத்துறது கடைசி வேலை

ஃப்ரிட்ஜ்ல ஐஸ் மேக்கர் நின்னுட்டுன்னா நம்ம ஊர்ல ரெண்டு பேச்சுதான் கேக்கும். ஒண்ணு, "அந்த சவத்த விடு, பழையபடி தட்டுல தண்ணி ஊத்தி வச்சுக்கிடலாம்". இன்னொண்ணு, வர்ற மெக்கானிக் எந்த பார்ட்டைச் சொல்றாரோ அதுக்குக் காசை எண்ணி வைக்கிறது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, வீட்ல இருக்கிற யாரும் செய்யலாம், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாதா மல்டிமீட்டர், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு டார்ச் இருந்தா போதும். நான் எங்க வீட்ல அப்படித்தான் செஞ்சேன், அதுல தெரிஞ்சுக்கிட்ட விஷயம் ரொம்ப முக்கியம்னு படுது, அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எங்க வீடு திங்கள்நகர் பக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்ல வேலை, குமரி மாவட்டத்துல பாதி வீடு அப்படித்தான, அதனால மோட்டார் ரிப்பேரு, ஃபியூஸ், கேஸ் அடுப்பு எல்லாம் நம்ம கையிலதான். அவர் லீவுக்கு வந்திருந்தப்ப வாங்கினது இந்த சைடு பை சைடு ஃப்ரிட்ஜ், கதவுல டம்ளரை வச்சா தண்ணியும் ஐஸும் விழுற டைப்பு. வாங்கும்போது அது ஒரு ஆடம்பரம்னுதான் நினைச்சோம். ஆனா மாமிக்கு முழங்கால் முட்டு மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் வீட்லயே ரொம்ப வேண்டிய சாமானாப் போச்சு. பிசியோதெரபி பண்ற தங்கச்சி தெளிவா சொல்லிட்டுப் போனா, பயிற்சி முடிஞ்சதும் துணியில சுத்தி ஐஸ் வைக்கணும், ஒரு தடவைக்கு பதினஞ்சு இருவது நிமிஷம், நேரா தோல்ல வைக்கக்கூடாது, நாள் முழுக்க விட்டு விட்டு வைக்கணும்னு. அதுக்கு நல்லா நனைச்சுப் பிழிஞ்ச துவர்த்துல, அதான் துண்டுல, ரெண்டு கை ஐஸை அள்ளிப்போட்டு முட்டைச் சுத்திக் கட்டினா மாமி முகத்துல அந்த சுருக்கம் அப்படியே எறங்கும், அதப் பாத்தவளுக்குத்தான் தெரியும் ஐஸ் இல்லாமப் போறது என்ன கஷ்டம்னு.

மொதல்ல ஐஸ் கட்டி சின்னதாச்சு. அப்புறம் நடுவுல ஓட்டையா, ஓடு மட்டும் நின்ன கட்டியா விழ ஆரம்பிச்சுது. கொஞ்ச நாள்ல பக்கெட்டுல ஐஸ் எல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டி ஒரே பாளமா கிடந்துது, அடியில ஒரு கண்ணாடித் தகடு கணக்கா ஐஸ் படிஞ்சிருந்துது. கடைசியில ஒண்ணுமே விழல. உள்ள இருந்து டிக், டிக்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இந்த வரிசையை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க, பின்னாடி இதுதான் எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துது.

மெக்கானிக் வந்தாரு. எந்த கம்பெனி எந்த சென்டர்னு நான் சொல்லப் போறதில்ல. ஃப்ரீசர் கதவைத் தொறந்து ஒரு பார்வை பாத்துட்டு, "போர்டு போயிருக்கும்மா, போர்டும் ஐஸ் மேக்கரும் சேத்து மாத்தணும், இல்லன்னா கேரண்டி தர முடியாது"ன்னாரு. அவர் சொன்ன தொகைக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜே வாங்கிரலாம். தண்ணி எங்க இருந்து வருதுன்னு அவர் கேக்கவே இல்ல, பின்பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எனக்கு மனசு ஒப்பல. ஐஸ் மேக்கர்ல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கினா மோட்டார் முக்குது, கதவுல தண்ணி வருது, டிஸ்ப்ளே சரியா காட்டுது, அப்ப போர்டு, அதான் ஃப்ரிட்ஜை ஓட்டுற எலக்ட்ரானிக் அட்டை, சொல்றது மோட்டார் வரைக்கும் போய்ச் சேருதுன்னுதான அர்த்தம். போர்டை எதுக்கு மாத்தணும்னு வீட்டுக்காரர்ட்ட வீடியோ கால்ல கேட்டேன், அவர் "நீ பாரு, ஒண்ணும் கெட்டுப்போகாது, பிளக்கை மட்டும் புடுங்கிட்டுத் தொடு"ன்னாரு.

ஐஸ் மேக்கர்னு பேரு பெருசா இருந்தாலும் அது செய்யுற வேலை கொஞ்சந்தான். தண்ணி வாங்கணும், உறைஞ்சிட்டான்னு பாக்கணும், கட்டியைக் கீழ தள்ளணும், பக்கெட்டு நெறஞ்சா நிக்கணும். அமெரிக்கால ரொம்ப காலமா ஓடுற டைப்புல அலுமினிய அச்சு இருக்கும், அடியில ஒரு ஹீட்டர் லேசா சூடு பண்ணி கட்டியை இளக்கும், ஒரு கம்பி விரல் சுத்தி வந்து வெளிய தள்ளும். நம்ம கடைகள்ல வர்ற சைடு பை சைடுல நெறைய பிளாஸ்டிக் தட்டு டைப்பு, அதுல ஹீட்டர் கிடையாது, ஒரு பக்கம் கியர் வச்ச மோட்டார் தட்டைக் கவுத்து, ஒரு முனை தட்டிக்கிட்டு நிக்க, மறு முனையை முறுக்கி கட்டிகளைப் பேத்துக் கொட்டும். தட்டுக்கு அடியில ஒரு சின்ன சென்சார் ஒட்டி வச்சிருப்பாங்க, தண்ணி நல்லா உறைஞ்சு மைனஸ் 9, 10 டிகிரி பக்கம் போனாத்தான் இந்த வேலை ஆரம்பிக்கும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பக்கவாட்டுல ஒரு கை மாதிரி நெம்புகோல் தொங்கும், அது கீழ எறங்கி ஐஸ்ல இடிச்சா பக்கெட்டு நெறஞ்சிட்டுன்னு அர்த்தம். தட்டு நேரா வந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கம் அடியில இருக்கிற வால்வு சில நொடி தொறந்து தண்ணியை மேல அனுப்பும். அவ்வளவுதான் முழு யந்திரமும்.

இப்ப எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். எளுப்பமான காரியத்தை மொதல்ல பாத்து முடிச்சிரணும். கதவு பேனல்ல ஐஸ் ஆஃப்னு லைட் எரியுதான்னு பாருங்க, பிள்ளைங்க விளையாட்டா அமுக்கி வச்சிருப்பாங்க. அந்த நெம்புகோல் மேல தூக்கின நிலையிலேயே ஐஸ்ல சிக்கி நிக்குதான்னு பாருங்க. ஃப்ரீசர் மைனஸ் 18 ல இருக்கணும், மைனஸ் 12, 13 ன்னு கிடந்தா ஐஸ் மேக்கரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கதவு ரப்பர்ல ஒரு தாளை வச்சு அடைச்சு இழுத்துப் பாருங்க, சும்மா வழுக்கிட்டு வந்தா அந்த வழியா நம்ம ஊரு ஈரக்காத்து உள்ள போய் பனியா படியும். கடலோரத்துல, குளச்சல் மண்டைக்காடு பக்கம் இருக்கிறவங்க ஒயர் கனெக்டரையும் ஒருக்கா பாக்கணும், உப்புக்காத்துல பின்னு பச்சையாப் பூத்துரும், அதைச் சுத்தம் பண்ணாலே சில சமயம் ஓடிரும். எங்க வீட்ல இதெல்லாம் சரியாத்தான் இருந்துது.

அடுத்து தண்ணி. இங்கதான் நான் ரொம்ப நேரம் நிக்கணும், ஏன்னா மெக்கானிக்கும் கடைக்காரனும் பேசாத விஷயம் இதுதான். ஃப்ரிட்ஜ் கூட வர்ற புத்தகத்தைத் தொறந்து பாத்தா ஒரு மூலையில தண்ணி அழுத்தம் எவ்வளவு வேணும்னு போட்டிருக்கும், பெரும்பாலும் 20 ல இருந்து 120 பிஎஸ்ஐ, அதாவது 1.4 பார் ல இருந்து 8 பார் பக்கம். இது வெளிநாட்டுல குழாயைத் தொறந்தாலே அடிச்சுக்கிட்டு வர்ற தண்ணிக்குக் கணக்கு பண்ணின அளவு. நமக்கு கிணத்துல இருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்குக்கு ஏத்தி, அங்க இருந்து எறங்குற தண்ணி. பத்து மீட்டர் உயரத்துல தண்ணி நின்னாத்தான் கீழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். 1.4 பார் வேணும்னா டேங்கு பதினாலு மீட்டர் உசரத்துல இருக்கணும், அதுக்கு நாலு மாடி வீடு வேணும். எங்க வீடு கீழயும் மாடியும், டேங்கையும் சேத்து ஏழு மீட்டர் வரும். ஆர்ஓ சர்வீஸ் பண்ற பையன்கிட்ட பிரஷர் கேஜ் இருந்துது, வாங்கி ஃப்ரிட்ஜுக்குப் போற கால் இஞ்ச் டியூப்ல மாட்டிப் பாத்தா முள்ளு 0.6 பார்ல நிக்குது, அதுவும் நடுவுல ஒரு ஃபில்டர் இருக்கு, அது அடைய அடைய இன்னும் கொறையும். "எக்கா, இதுல எப்படிக்கா இத்தன நாள் ஓடிச்சு"ன்னு அவனே ஆச்சரியப்பட்டான்.

அழுத்தம் கொறஞ்சா கட்டி சின்னதாகும்னு யாருக்கும் புரியும், வால்வு தொறந்திருக்கிற அந்த சில நொடியில தட்டு நெறையாது, அவ்வளவுதான். ஆனா அதைவிட மோசமான காரியம் ஒண்ணு நடக்குது. இந்த வால்வுக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கு. கரன்ட் வந்தா சின்ன ஊசி தூக்கி சவ்வு வெலகும், கரன்ட் நின்னா ஊசி விழுந்து சவ்வு அடையும். அடைச்ச சவ்வை இறுக்கிப் பிடிச்சு வைக்கிறது ஸ்பிரிங் மட்டும் இல்ல, பின்னாடி நிக்கிற தண்ணியோட அழுத்தந்தான், உள்ள நிக்கிற கூட்டமே கதவுல சாஞ்சு கதவை அடைச்சு வச்சிருக்கிற கணக்குதான் அது. கூட்டம் கொறைஞ்சா கதவு லூசாத்தான் நிக்கும். அழுத்தம் பத்தலன்னா வால்வு முழுசா அடையாது, சொட்டுச் சொட்டா தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சொட்டு ஃப்ரீசருக்குள்ள வர்ற குழாய் வாயிலேயே உறையும், கொஞ்சம் கொஞ்சமா குழாயே அடைஞ்சிரும். மீறி உள்ள விழுற சொட்டு, ஏற்கெனவே உறைஞ்ச தட்டு மேல விழுந்து வழிஞ்சு, தட்டுக்கும் அதைப் பிடிச்சிருக்கிற ஃப்ரேமுக்கும் நடுவுல போய் உறையும். தண்ணி ஐஸாகும்போது ஒம்பது சதவீதம் பெருசாகும், அதனால இடுக்குல போன தண்ணி இறுகிப் பிடிச்சிரும். பக்கெட்டு அடியில கிடந்த அந்தக் கண்ணாடித் தகடும், ஒட்டிப்போன பாளமும் எங்க இருந்து வந்துதுன்னு இப்ப விளங்குதா?

இத உறுதி பண்றதுக்கு ஒரு சோதனை இருக்கு, இதவிட நம்பிக்கையான சோதனை எனக்குத் தெரிஞ்சு கிடையாது. ஃப்ரிட்ஜோட பிளக்கைப் புடுங்கிருங்க, தண்ணிக் குழாயை மட்டும் தொறந்தே வைங்க. கரன்ட் இல்லன்னா வால்வு அடைஞ்சுதான் இருக்கணும். ஐஸ் மேக்கர் மேல தண்ணி விழுற அந்த வாய்க்கு நேரா காஞ்ச எவர்சில்வர் டம்ளரை வச்சுட்டுக் காத்திருங்க. சொட்டு விழுந்துதுன்னா வால்வு சரியா அடையலன்னு அர்த்தம், அது போர்டும் இல்ல, மோட்டாரும் இல்ல, ஒயரும் இல்ல. எங்க வீட்ல குழாய் வாய்ல இருந்த ஐஸ் இளகின பிறகு டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னேன், வெள்ளைப் பிளாஸ்டிக் வாயோட அடி ஓரத்துல ஒரு முத்து தண்ணி மெதுவாத் திரண்டு, நீண்டு, டம்ளர்ல டங்குன்னு விழுந்துது. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. பிளக் தரையில கிடக்கு, தண்ணி சொட்டுது. போர்டுன்னு சொன்னது அந்த ஒரு சத்தத்துல தீந்துபோச்சு.

குழாய் அடைப்பை இளக்குறதுக்கு கத்தி, ஸ்க்ரூ டிரைவர், அகப்பைக் காம்பு எதையும் விட்டுக் குத்தாதீங்க, ஓட்டையாப் போனா பெரிய செலவு. ஊசியில்லாத சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி எடுத்து வாய்ல கொஞ்சம் கொஞ்சமா பீச்சினா போதும், அடியில ஒரு பழைய துணி.

இனி ஐஸ் மேக்கரைக் கழத்தணும். அதுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல இருக்கிறதுக்கு ஒரு இடம் பாக்கணும், நான் அயலையும் கணவாயும் பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளக்கைப் புடுங்கினதும் அவசரப்பட்டு கை வைக்காதீங்க, கதவைத் தொறந்து கொஞ்ச நேரம் விடுங்க. மைனஸ் 18 ல கிடந்த பிளாஸ்டிக் நெகிழாது, கிளிப்பை அமுக்கின உடனே படக்குன்னு முறிஞ்சிரும், அந்தக் கிளிப்பு தனியாவும் கிடைக்காது. பக்கெட்டை வெளிய எடுத்துட்டு, முன்பக்கம் ஸ்க்ரூ இருந்தா கழத்திட்டு, பூட்டு நாக்கை அமுக்கி முன்னால இழுத்தா முழு யூனிட்டும் வழுக்கிட்டு வரும், பின்னாடி ஒயர் கனெக்டர் இருக்கும், ஒயரைப் பிடிச்சு இழுக்காம கனெக்டர் நாக்கை அமுக்கித்தான் எடுக்கணும். ஓரமெல்லாம் கூரா இருக்கும், கையில ஒரு துணி சுத்திக்கிடுங்க. தட்டைக் கையால முறுக்கிப் பாக்க ஆசை வரும், செய்யாதீங்க, நல்லா இருக்கிற கியரும் போயிரும்.

யூனிட்டை முற்றத்துல ஒரு சாக்கு மேல வச்சு ஐஸ் எல்லாம் இளகட்டும்னு விட்டேன். தட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல விரல் கனத்துக்கு ஐஸ். அது இளகி ஓடினதும் மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு சென்சாரைப் பாத்தேன், ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சா எண்ணு எறங்குது, ஐஸ் துண்டு மேல வச்சா எண்ணு ஏறுது, அப்ப சென்சாருக்கு உயிர் இருக்கு. இது எங்கேயும் நகராம ஒரே எண்ணா நின்னாலோ, ஒண்ணுமே காட்டலைன்னாலோ சென்சார் போச்சுன்னு அர்த்தம், அதுவும் ஐஸ் விழாததுக்கு ஒரு காரணம். பிறகு மோட்டார் பெட்டியோட மூடியைத் தொறந்தேன், எப்படியும் மெக்கானிக் மாத்தச் சொன்ன யூனிட்டுதான. உள்ள கிரீஸ் பூசின வெள்ளைப் பல்சக்கரங்க ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டு நிக்கி. பெரிய சக்கரத்தை நகத்தால மெல்ல உருட்டிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல பல்லு இல்ல, மழுங்கிப்போய் வழவழன்னு இருக்கு, உடஞ்ச பல்லோட தூள் கிரீஸுக்குள்ள மாவு கணக்கா ஒட்டிக்கிடக்கு. அந்த டிக் டிக் சத்தம் இதுதான், சின்ன சக்கரம் வந்து வந்து பல்லில்லாத இடத்துல வழுக்குது.

ஆக ஐஸ் மேக்கர் உண்மையிலேயே போயிட்டுதான். மெக்கானிக் சொன்னதுல பாதி சரி. ஆனா அது தானாப் போகல. அழுத்தம் கொறஞ்சு வால்வு கசிஞ்சுது, கசிஞ்ச தண்ணி தட்டை ஃப்ரேமோட ஒட்டி உறைய வச்சுது, ஒட்டின தட்டை மோட்டார் திரும்பத் திரும்ப முறுக்கப் பாத்து பல்லு போச்சு. சின்ன கட்டி, ஓட்டைக் கட்டி, பாளம், டிக் டிக், வரிசை அப்படியே பொருந்துதா? காரணத்தை விட்டுட்டு புது யூனிட்டை மாட்டியிருந்தா அதுவும் கொஞ்ச நாள்ல இதே கதிக்குத்தான் வந்திருக்கும், அப்ப "வோல்டேஜ் சரியில்லம்மா"ன்னு ஒரு பதில் வந்திருக்கும். இதுல எனக்குக் கோவம் உண்டு. வீட்ல ஆம்பள இல்ல, வயசானவங்க படுத்திருக்காங்க, அவசரம்னு தெரிஞ்சா கேட்ட காசைக் கொடுத்துருவாங்கன்னு ஒரு கணக்கு ஓடுது பாருங்க, அது இந்த ஊர்ல எத்தனையோ கல்ஃப்காரர் வீட்ல நடக்குது.

மாமி இதெல்லாம் பாத்துட்டு, "எனக்குப் போட்டு இம்புட்டு பாடு வேண்டாம் மக்கா, எண்ணெய் காச்சித் தடவினா வலி நின்னுரும்"னாவ. அந்த நாள்லயெல்லாம் குளிர்ச்சிக்கு என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன், குளச்சல்ல இருந்து மீன்பெட்டியோட வர்ற ஐஸைத்தான் கண்டிருக்கோம்னாவ. நம்ம மாவட்டத்துக்கு ஐஸ்னா அதுதான, சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம்னு எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் போட்ல ஐஸ் ஏறாம கடலுக்குப் போகாது. ஐஸ் பிளாண்டுல தண்ணி ஊத்தின நீளத் தகர டின்னுகளை உப்புக்கரைசல் தொட்டியில எறக்கி வச்சு உறைய வைப்பாங்க, உப்புத்தண்ணி மைனஸ்லயும் உறையாது, அதனால அது டின்னைச் சுத்தி ஓடி உள்ள இருக்கிற நல்ல தண்ணியைப் பாளமாக்கும். மீனுக்கு அது போதும், சர்பத்துல போட அது ஆகாது.

அதுக்கும் முன்னாடி ஐஸே கப்பல்ல வந்த காலம் ஒண்ணு உண்டு. அமெரிக்கால பாஸ்டன் பக்கத்துக் குளங்கள்ல குளிர்காலத்துல உறைஞ்ச ஐஸை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, டியூடர்னு ஒருத்தர் கப்பல்ல ஏத்தி 1833 ல கல்கத்தாவுக்கு அனுப்பினாரு. மெட்ராஸ் கடற்கரையில அதை வச்சிருக்கிறதுக்குன்னே 1842 ல ஒரு கட்டடம் கட்டினாங்க, அதுதான் ஐஸ் ஹவுஸ். 1892 டிசம்பர்ல நம்ம கன்னியாகுமரிப் பாறையில தியானம் இருந்த விவேகானந்தர், அமெரிக்கா போயிட்டு 1897 ல திரும்பி வந்தப்ப தங்கினது அந்த ஐஸ் ஹவுஸ்லதான், இப்ப அதுக்குப் பேரு விவேகானந்தர் இல்லம். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த ஒரு பொருள் இன்னைக்கு அடுக்களையில ஒரு பிளாஸ்டிக் தட்டுல உறையுதுன்னா, அதுக்கு வேண்டிய தண்ணியை ஒழுங்கா கொடுக்கிறது நம்ம கடமைன்னே எனக்குத் தோணுது.

புது யூனிட் வாங்குறதுல ஒண்ணே ஒண்ணுதான் கவனம். ஃப்ரிட்ஜ் மாடல் நம்பரை மட்டும் வச்சு வாங்காதீங்க. கழத்தின ஐஸ் மேக்கர்லயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல உள்ள பார்ட் நம்பரை கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாத்து வாங்குங்க, கனெக்டர்ல எத்தனை பின்னுன்னும் நெம்புகோல் எந்தப் பக்கம்னும் ஃபோட்டோ எடுத்து கடைக்காரருக்கு அனுப்புங்க. நாகர்கோவில்ல கேட்டா ஆர்டர் போட்டு வரவழைச்சுத் தருவாங்க, மார்த்தாண்டம் பக்கத்து ஆளுக திருவனந்தபுரத்துல சாலை பஜார்லயும் விசாரிக்கலாம். எனக்கு ஆன்லைன்லயே கிடைச்சுது, மெக்கானிக் கேட்டதுல பாதிக்கும் கீழ.

ஆனா யூனிட் வந்து பெட்டியோட கிடந்தாலும் அதை உடனே மாட்டல, மொதல்ல தண்ணியைச் சரி பண்ணினேன். மாடி டேங்குத் தண்ணியை நேரா கொடுக்கிறதை நிறுத்தியாச்சு. அதுக்கு அழுத்தம் மட்டும் காரணமில்ல. ஃப்ரிட்ஜ்ல வர்ற கார்பன் ஃபில்டர் வாடையையும் குளோரினையும்தான் எடுக்கும், கிருமிக்கு அது போதாது, உறைய வச்சா கிருமி செத்துரும்னு நினைக்கிறதும் தப்பு, ஐஸ்ல அது தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். மழை நேரத்துல எங்க கிணத்துத் தண்ணி கலங்கும், அந்த வண்டல்தான் வால்வு வாசல்ல இருக்கிற சின்ன வலையிலயும் படிஞ்சிருந்துது, கழத்திப் பாத்தப்ப செம்மண் நெறத்துல படலம். பழைய டூத் பிரஷ்ஷால தேச்சுக் கழுவினேன்.

இப்ப ஆர்ஓ டேங்குல இருந்து ஒரு டியூப் எடுத்து, நடுவுல ஆர்ஓவுக்குப் போடுற அதே 24 வோல்ட் பூஸ்டர் பம்ப், அதுக்கு அந்தாண்டை ஒரு ஹை பிரஷர் சுவிட்ச், பிறகு ஃப்ரிட்ஜ். ஆர்ஓ டேங்கு சுவத்துல ஒரு மீட்டர் உசரத்துல மாட்டினது, அதுல இருந்து சும்மா எறக்கினா 0.1 பார் கூட வராது, சில வீட்ல ஃபிட் பண்றவங்க அப்படித்தான் டீ ஜாயின்ட் போட்டு விட்டுட்டுப் போயிருப்பாங்க, உங்க வீட்ல எப்படின்னு தயவுசெஞ்சு பாருங்க. பம்ப் இருந்தா ஃப்ரிட்ஜ் தண்ணி கேக்கும்போது அழுத்தம் எறங்கும், சுவிட்ச் பம்பை ஓட விடும், லைன்ல 3 பார் பக்கம் ஏறினதும் நிறுத்திரும். டேங்கு காலியானா பம்ப் வெறும்னே ஓடி எரியக்கூடாதுன்னு ஒரு லோ பிரஷர் சுவிட்சும் போடச் சொன்னேன், ஆனா டேங்குல இருந்து எறங்குற அழுத்தத்துக்கு அது வேலை செய்யாதுன்னு அந்த ஆர்ஓ பையனே சொல்லி, டேங்குக்குள்ள மிதவை சுவிட்ச் போட்டுக் கொடுத்தான், நல்ல வேலைக்காரன். ஜாயின்ட் எல்லாத்துலயும் டெஃப்லான் டேப், டியூப் முனையை கத்தரிக்கோல்ல நசுக்காம பிளேடால நேரா வெட்டி புஷ் கனெக்டர்ல முட்டுற வரை தள்ளணும், சரிவா வெட்டினா அங்க கசியும்.

பம்ப் போட்டு, பிளக்கைப் புடுங்கி, மறுபடியும் அதே டம்ளர் சோதனை. ராத்திரி முழுக்க வச்சேன், ஃப்ரீசர் கதவு லேசா தொறந்து, உள்ள டம்ளர், லைன்ல முழு அழுத்தம். காலைல டம்ளருக்குள்ள விரலை விட்டுத் தடவினேன், காஞ்சு கிடந்துது. அழுத்தம் சரியான பிறகும் சொட்டியிருந்தா வால்வையும் மாத்தியிருக்கணும், அதுக்கு வேண்டி வரல.

மாட்டுறது கழத்தினதோட நேர் எதிர்தான், கனெக்டர் டக்குன்னு பூட்டின சத்தம் கேக்கணும், யூனிட் தண்டவாளத்துல முழுசா உக்காரணும், தண்ணி விழுற வாய் தட்டுக்கு நேரா நிக்கணும். ஃப்ரிட்ஜை ஆன் பண்ணி ஃப்ரீசர் மைனஸ் 18 வர்ற வரைக்கும் பொறுத்தேன், புது ஐஸ் வர ஒரு நாள் வரைக்கும் ஆகலாம்னு புத்தகத்துலயும் போட்டிருக்கும், அதுக்குள்ள பட்டனை நோண்டிக்கிட்டே இருக்கக் கூடாது. பிறகு டெஸ்ட் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடிச்சேன். மோட்டார் சத்தம் இப்ப ஒரே சீரா இருக்கு, தட்டு கவுந்து, முனை முறுகி, நேரா வந்து நின்னுது, பின்பக்கம் வால்வு கொர்ருன்னு தொறந்து பம்ப் ஓடி தண்ணி தட்டுல எல்லாக் குழியிலயும் ஒரே மட்டமா நின்னுது. அந்த மட்டத்தைப் பாத்ததும்தான் எனக்கு நிம்மதி. மொத மூணு ஈடு ஐஸைச் செடிக்குப் போட்டுருங்க, புது பிளாஸ்டிக் வாடையும் டியூப் தூசியும் அதுல வந்துரும்.

ஐஸ் நடுவுல வெள்ளையா இருக்கேன்னு சிலர் பயப்படுறாங்க, அது கேடு இல்ல, வெளிய இருந்து உள்ள உறையும்போது தண்ணியில கரைஞ்ச காத்தும் உப்பும் நடுவுல ஒதுங்கிரும், அதான். மாமி இப்ப கம்பு ஊணாம முற்றம் வரைக்கும் நடக்காவ, பயிற்சி முடிஞ்சதும் துவர்த்தை அவங்களே நனைச்சு எடுத்துட்டு ஃப்ரிட்ஜ் முன்னால வந்து நிக்காவ.

இன்னும் ஒண்ணு, கிறிஸ்மஸுக்கோ பிள்ளைங்க லீவுக்கோ ஒரு வாரம் வீட்டைப் பூட்டிட்டுப் போறதா இருந்தா ஐஸ் மேக்கரை ஆஃப் பண்ணி, ஃப்ரிட்ஜுக்குப் போற தண்ணிக் குழாயை அடைச்சு, பம்ப் அடாப்டரையும் புடுங்கிட்டுப் போங்க. கால் இஞ்ச் டியூப் ஒண்ணு எங்கேயாவது வழுகினா ஆர்ஓ டேங்குத் தண்ணி முழுக்க அடுக்களைத் தரையிலதான் நிக்கும். திரும்பி வந்ததும் பக்கெட்டுல கிடக்கிற பழைய ஐஸைக் கொட்டிட்டு ஆன் பண்ணுங்க, நாள்பட்ட ஐஸ் ஃப்ரீசர்ல இருக்கிற மீன் வாடையெல்லாம் இழுத்து வச்சிருக்கும்.